சார், ஒரு சின்ன டவுட்டு

மூன்றாம் வருட கோடை விடுமுறையில் ஆன்லைனில் ஒரு இன்டர்ன்ஷிப் செய்தேன். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தவர் இங்கிலாந்துக்காரர். முதல் வாரமே ஒரு மோட்டார் டிரைவர் சர்க்யூட் படத்தை அனுப்பி, படித்துவிட்டு வாருங்கள் என்றார். உட்கார்ந்து படித்தேன். எல்லாம் புரிந்தது. ஆர்7 என்று ஒரு ரெசிஸ்டர் மட்டும் அங்கே எதற்கு நிற்கிறது என்று புரியவில்லை. உடனே மெயில் தட்டினேன்: "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் சர்க்யூட்." மீதியை மீட்டிங்கில் கேட்டுக்கொள்ளலாம் என்று அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. மூன்று பாரா. அந்த மாஸ்ஃபெட்டை ஏன் தேர்ந்தெடுத்தார், கரன்ட் எவ்வளவு தாங்கும், எத்தனை முறை டெஸ்ட் செய்தார் என்று எல்லாம் விளக்கி, கணக்குப் போட்ட ஷீட்டையும் இணைத்திருந்தார். கடைசியில், எந்த இடத்தில் தவறு இருப்பதாக நினைக்கிறாய் என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்று ரொம்ப மரியாதையாக ஒரு வரி.

எனக்கு வேர்த்துவிட்டது. நான் எங்கே தப்புன்னு சொன்னேன்? எனக்குப் புரியலைன்னுதானே சொன்னேன்!

இல்லை. அவர் படித்த ஆங்கிலத்தில் நான் சொன்னது, "உங்க சர்க்யூட் சரியா வேலை செய்யும்னு எனக்கு நம்பிக்கை இல்லை" என்பதுதான். இருபது வயசுப் பையன், சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது.

எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் நான். தமிழில் பேசினால் ஃபைன் போட்ட பள்ளி. பதினாறு வருஷம் கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்திய ஒரு ஆங்கில வார்த்தைக்கு ஆங்கிலத்தில் வேறு பொருள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். இன்று காலையிலிருந்து எத்தனை முறை "டவுட்" என்று சொல்லியிருப்பீர்கள்? அதில் எத்தனை முறை உண்மையிலேயே எதையாவது சந்தேகப்பட்டீர்கள்?

நம் வகுப்பு டவுட் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். "சந்தேகம்" என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். ஆனால் தமிழில் சந்தேகம் தனியாக நடமாடுவதில்லை, பின்னால் ஒரு வினைச்சொல் வருகிறது. "சந்தேகம் கேட்டான்" என்றால் நல்ல மாணவன். "சந்தேகப்பட்டான்" என்றால் சீரியல் வில்லன். கேள் வந்தால் புரியாமை, படு வந்தால் நம்பாமை. இதே கணக்கைத்தான் டவுட்டுக்கும் வைத்திருக்கிறோம். "டவுட்டு கேட்டான்" வேறு, "என்னையே டவுட்டு பண்றான்" வேறு. தமிழ் பேசும் யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால் "ஐ ஹேவ் எ டவுட்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது கேளும் இல்லை, படுவும் இல்லை. வெறும் சந்தேகம் மட்டும் போய் எதிராளி முன்னால் நிற்கிறது. அவர் தன் மொழியில் எது வழக்கமோ அதை எடுத்துக்கொள்கிறார். அவர் மேல் தப்பே இல்லை.

இந்த வார்த்தையின் பூர்வீகமே ஒரு கதை. லத்தீனில் "துபிதாரே" என்றால் தயங்குவது, இரண்டு பக்கமும் ஊசலாடுவது. அதற்குள் இருப்பது "துவோ", அதாவது இரண்டு. டபுள் என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஜெர்மன் மொழியில் சந்தேகத்துக்கு "ட்ஸ்வைஃபெல்". அதற்குள்ளும் "ட்ஸ்வை", இரண்டு. சந்தேகம் என்றால் முன்னால் இரண்டு வழி இருக்க வேண்டும் என்று அந்த மொழிகள் நினைத்திருக்கின்றன. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்தச் சொல்லில் "பி" என்ற எழுத்தே கிடையாது. பிறகு வந்த பண்டிதர்கள், லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் அதைத் திரும்பச் செருகிவிட்டார்கள். உச்சரிப்பு மாறவில்லை. "டெட்" என்று சொல்லி, கடனுக்கு எழுதுகிறோமே, அதிலும் இதே வேலைதான் நடந்தது. மூன்றாம் வகுப்பு டிக்டேஷனில் அந்த பி-யை விட்டுவிட்டு மார்க் இழந்தவர்கள் யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில், மழை வரும் என்று டவுட் பண்ணுகிறேன் என்றால் மழை வரும்போல இருக்கிறது, வந்துவிடுமோ என்று பொருள். லண்டனில் அதே வாக்கியத்துக்கு, மழை வராது என்று நினைக்கிறேன் என்று பொருள். ஒரே நாட்டுக்குள்ளேயே ஒருவர் குடை எடுப்பார், இன்னொருவர் எடுக்க மாட்டார். ஆகவே "டவுட் என்பதை இந்தியர்கள் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று யாராவது சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் கைகொட்டிச் சிரித்தால், நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை. வார்த்தை போகிற ஊரில் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளரும். நாடு முழுக்க இத்தனை கோடிப் பேர் வகுப்பறையில் சொல்லி, எல்லாருக்கும் புரிகிற ஒன்றைப் பிழை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டு ஆளுக்கு மெயில் போடும்போது "கொஸ்டின்" என்று மாற்றிக்கொண்டால் போதும். பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் இதற்கு ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். நான் இரண்டு வரியில் முடித்துவிட்டேன்.

என்னை உறுத்துவது வேறு.

ஏன் நாம் "கேள்வி" என்று சொல்வதில்லை? "சார், ஒரு கேள்வி" என்று எழுந்து நின்று சொல்லிப் பாருங்கள். வகுப்பே திரும்பிப் பார்க்கும். நம் ஊரில் கேள்வி கேட்பது வேறு சமாச்சாரம். "என்னையே கேள்வி கேக்குறியா?" "கேள்வி கேக்குற அளவுக்கு வளர்ந்துட்டியா?" கேள்வி என்றால் எதிர்ப்பு. இத்தனைக்கும் கேள் என்ற வினைக்குக் காதால் கேட்பது, வாயால் கேட்பது இரண்டும் பொருள். திருக்குறளில் 42-வது அதிகாரத்தின் பெயரே கேள்விதான். அது முழுக்கக் காதால் கேட்டு அறிவதைப் பற்றியது. காதால் கேட்பது அறிவு, வாயால் கேட்பது திமிர் என்று எப்போது பிரித்தோமோ தெரியவில்லை.

அதனால்தான் டவுட் நமக்கு வசதி. "நீங்க சொன்னதில ஒண்ணும் குறை இல்ல சார், குறை என் மண்டையிலதான்" என்ற பணிவு அந்தச் சொல்லுக்குள் தானாக இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா, அது எப்போதும் "சின்ன" டவுட்டுதான். நான்கு வருஷத்தில் "சார், ஒரு பெரிய டவுட்டு" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு நாம் சேர்க்கும் வினை "க்ளியர் பண்றது". அரியரை க்ளியர் பண்ணுகிறோம், டவுட்டையும் க்ளியர் பண்ணுகிறோம். இரண்டும் நம்மிடம் இருக்கக் கூடாத ஒன்று, சீக்கிரம் துடைத்துவிட வேண்டிய கறை.

இங்கிலீஷ்காரர் டவுட் என்றால் குறை சொன்னவரிடம் இருக்கலாம் என்று அர்த்தம். நாம் டவுட் என்றால் குறை கேட்பவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். நேர் எதிர்.

இப்போது பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நடக்கும் அந்தச் சடங்கை நினைத்துப் பாருங்கள். "எனி டவுட்ஸ்?" அமைதி. ஃபேன் சத்தம். "நோ டவுட்ஸ்? குட்." முடிந்தது. அறுபது பேருக்கும் புரிந்துவிட்டது என்று ரெக்கார்டு ஆகிவிட்டது. பெல் அடித்ததும் நான்கு பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள், "சார், சின்ன டவுட்டு" என்று, மற்றவர் காதில் விழாத குரலில். மீதிப் பேர் பரீட்சைக்கு முந்தைய நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்பார்கள்.

இரண்டாம் வருஷம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இந்தச் சடங்கு முடிந்து சரியாகப் பத்து நிமிஷத்தில் எங்கள் மேசையில் ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் நீளமான கால் பாசிட்டிவ், உடம்பில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். இவ்வளவுதான் விஷயம். பழைய ஸ்டாக், கால்களை ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தார்கள். பட்டை எதைக் குறிக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. மூன்று பேருக்குமே டவுட் இருந்தது, மூன்று பேருமே மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம். மாற்றிப் போட்டோம். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த நாற்றம் ஒரு வாரம் என் லேப் கோட்டில் இருந்தது.

பத்தாம் வகுப்புத் தமிழில் வினா வகைகள் மனப்பாடம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா? பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் வருவது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஐந்து மார்க்குக்காகப் படித்து, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்தது. அந்த மெயில் விவகாரத்துக்குப் பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். நம் காலேஜை ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பது அறிவினா. அவருக்கு விடை தெரியும், உனக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார். ஜெராக்ஸ் கடையில் "அண்ணா, ரெக்கார்டு நோட்டு இருக்கா?" என்பது கொளல் வினா. கையில் இரண்டு கால்குலேட்டர் வைத்துக்கொண்டு "உன்கிட்ட இல்லையா மச்சி?" என்று கேட்கும் நல்ல உள்ளம் கொடை வினா. "அசைன்மென்ட் முடிச்சாச்சா?" என்று சார் கேட்பது ஏவல் வினா. அதற்கு ஆம் இல்லை என்று பதில் தேவையில்லை, போய் முடி என்று பொருள்.

மீதி இரண்டுதான் முக்கியம். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கண்ணில் படுவது கயிறா பாம்பா என்று இரண்டுக்கு நடுவே நின்று கேட்பது ஐய வினா. ஐயம் என்றால்தான் சந்தேகம். லத்தீன்காரர் உள்ளே வைத்த அந்த "இரண்டு" இங்கேயும் அப்படியே இருக்கிறது பாருங்கள். நாம் வகுப்பில் டவுட் என்று கேட்பதில் பெரும்பாலானவை அறியா வினா. ஆர்7 எதற்கு என்பது அறியா வினா. ஒரிஜினல் ஆங்கில டவுட் ஐய வினா. தமிழ் இலக்கணத்தில் தனித்தனிப் பெட்டியில் இருந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே டவுட் என்று லேபிள் ஒட்டிவிட்டோம்.

(விடை வகை எட்டு என்று அதே பாடத்தில் வரும். அதில் "வினா எதிர் வினாதல்" என்று ஒன்று. கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவது. "இதுகூடத் தெரியலைன்னா போன கிளாஸ்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" நம் டிபார்ட்மென்டில் இந்த வகைக்குத்தான் மவுசு அதிகம்.)

ஒரே பெட்டியில் போட்டதால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். போன செமஸ்டர் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நாங்கள் நான்கு பேர். 12 வோல்ட் டி.சி. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாப்பர். முதல் ரிவ்யூவுக்கு முந்தைய நாள் எஃபிஷியன்சி கணக்குப் போட்டோம். 96 சதவீதம். அள்ளியாச்சு! ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டு, சிவப்புக் கட்டம் கட்டினேன். டிப்ளமா முடித்து நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்த நண்பன் ஒருவன் குழுவில் உண்டு. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், வெல்டிங்கும் வயரிங்கும் தடுமாறாது. அவன் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுல சந்தேகமா இருக்குடா" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். எஃபிஷியன்சி என்றால் அவுட்புட் பவரை இன்புட் பவரால் வகுப்பது என்று. பேப்பர் எடுத்து ஃபார்முலாவை எழுதியே காட்டினேன். பாவம், பொறுமையாகக் கேட்டான். பிறகு மறுபடி சொன்னான்: "அது தெரியும்டா. ஹீட் சிங்க்ல கை வைக்க முடியல. அவ்ளோ சூடு. 96 எப்படி வரும்?"

இங்கிலீஷ்காரர் என் அறியா வினாவை ஐய வினா என்று எடுத்துக்கொண்டார். நான் என் நண்பனின் ஐய வினாவை அறியா வினா என்று எடுத்துக்கொண்டேன். அவர் செய்தது வேற்று மொழிக்காரரின் குழப்பம். நான் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவனுக்குப் புரியவில்லை என்று நான் முடிவு கட்டியதில் அவன் ஆங்கிலத்துக்கும் பங்கு இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்ப லேபைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். சாப்பரின் அவுட்புட் வோல்டேஜ் நேர்கோடு இல்லை, ஆன் ஆஃப் என்று வெட்டி வெட்டி வருவது. நாங்கள் ஆஸிலோஸ்கோப் காட்டிய ஆர்.எம்.எஸ். வோல்டேஜை எடுத்து, மீட்டர் காட்டிய சராசரி கரன்டால் பெருக்கியிருந்தோம். மோட்டாரின் இண்டக்டன்ஸால் கரன்ட் கிட்டத்தட்ட சீராக ஓடும். அப்போது சராசரி வோல்டேஜைத்தான் எடுக்க வேண்டும். டியூட்டி சைக்கிள் 0.8 என்றால் சராசரி, சப்ளையில் 0.8 பங்கு. ஆர்.எம்.எஸ். அதன் வர்க்கமூலம், 0.89 பங்கு. அந்த வித்தியாசம் மொத்தமும் எங்கள் எஃபிஷியன்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது. திருத்திப் போட்டால் 86. மீதி 14 எங்கே போனது என்று ஹீட் சிங்க்கைத் தொட்ட அவன் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மற்ற மூன்று பேரும் அதே ஹீட் சிங்க்கைத் தொட்டவர்கள்தான். எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். என் பதில் இது: பதினாறு வருஷமாக டவுட் என்றால் "எனக்குப் புரியவில்லை" என்று மட்டுமே பழகியிருக்கிறோம். புரிந்துவிட்டால் டவுட் தீர்ந்தது. ஃபார்முலா புரிந்தது, நம்பர் வந்தது, க்ளியர். புரிந்த பிறகும் ஒன்றை நம்பாமல் இருக்கலாம் என்பதற்கு நம் வகுப்பறையில் வார்த்தையே மிச்சமில்லை. சார் போர்டில் மைனஸ் குறியை விட்டுவிட்டால்கூட நாம் எழுந்து, "சார், எனக்கு ஒரு சின்ன டவுட்டு, அங்க மைனஸ் வருமா?" என்று நம் அறியாமை போலவே நடித்துக் கேட்கிறோம். அவர் கோபக்காரராக இருந்தால் அதையும் கேட்பதில்லை, நோட்டில் மைனஸ் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம்.

வகுப்பறைக்கு வெளியே போனால் சந்தேகத்துக்கு என்ன மரியாதை பாருங்கள். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாவிட்டால், சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை செய்கிறது கோர்ட். இத்தனை போலீஸ், இத்தனை சாட்சி, ஒரு நியாயமான சந்தேகம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பீச்சிலிருந்து தாம்பரம் போகிற ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷன் வருகிறதே, அந்த மலையின் இன்னொரு பெயர் செயின்ட் தாமஸ் மவுண்ட். உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் எல்லாரும் சொன்னபோது, காயத்தை நானே தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர் அந்தத் தோமா. அவர் அந்த மலையில்தான் உயிர்விட்டார் என்பது இங்குள்ள மரபு. ஆங்கிலத்தில் எதையும் நம்பாத ஆளை இன்றும் "டவுட்டிங் தாமஸ்" என்றுதான் சொல்கிறார்கள். தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவருக்கு ஒரு மலையும் ஒரு ஸ்டேஷனும். எங்கள் ஹீட் சிங்க்காரனுக்கு நான் எடுத்த ஃபார்முலா கிளாஸ்.

இப்போது நம்மில் பாதிப் பேர் டவுட் கேட்பது ஏ.ஐ. சாட்பாட்டிடம். நானும்தான். அறியா வினாவுக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது, போன கிளாஸ் பற்றிக் கேட்காது. ஆனால் தப்பான பதிலையும் அதே தெளிவோடு, அதே பணிவோடு சொல்லும். புரிந்துவிட்டால் டவுட் முடிந்தது என்று பழகியவர்கள் கையில் அது எவ்வளவு ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. ஆர்.எம்.எஸ். வோல்டேஜை வைத்துப் பெருக்கும் அந்த வழியை எனக்குச் சொன்னதே ஒரு சாட்பாட்தான். அழகாகப் புரிந்தது.

ஜூனியர்கள் படிக்கிறீர்கள் என்றால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், இது ஏவல் வினா. அடுத்த முறை "எனி டவுட்ஸ்?" வரும்போது, நான்கு பேர் மேசையைச் சுற்றி முணுமுணுப்பதை பெல்லுக்கு முன்னால் சத்தமாகக் கேட்டால் என்ன? அதில் "சின்ன"வை விட்டுவிட்டுக் கேட்டால் என்ன? போர்டில் இருப்பது தப்பு என்று தோன்றினால், "எனக்குப் புரியல சார்" என்று நடிக்காமல், "அது சரியா வருமான்னு சந்தேகமா இருக்கு சார்" என்றே சொல்லிப் பாருங்கள். சிலர் முறைப்பார்கள். எங்கள் கைடு முறைக்கவில்லை. ரிவ்யூவில் 86 ஏன் இவ்வளவு கம்மி என்று பேனலில் ஒருவர் கேட்டபோது பதில் சொன்னது அந்த நண்பன்தான், அவனுக்கு வந்த ஆங்கிலத்தில், ஹீட் சிங்க்கைக் காட்டி. மறுகேள்வி வரவில்லை.

ஆர்7 கதையை முடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று திருத்தி மறுபடி மெயில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது. மாஸ்ஃபெட்டின் கேட்டைத் தரையோடு இணைக்கும் புல் டவுன் ரெசிஸ்டராம். மைக்ரோகன்ட்ரோலர் விழித்துக்கொள்வதற்கு முன் மோட்டார் தானாக ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பத்து கிலோ ஓம். எங்கள் ப்ராஜெக்ட் போர்டிலும் ஒன்று போட்டிருக்கிறோம், அதற்கும் ஆர்7 என்றே பெயர் வைத்தேன்.